பவுத்திரம்னா என்னன்னு தெரியுமா?

பஸ் ஸ்டாண்டு சுவர்ல, கட்டணக் கழிப்பிடத்துக்குப் பக்கத்துல, ரயில்வே கேட்டுக்கு முன்னாடி இருக்கிற தூண்ல "மூலம், பவுத்திரம்" என்று எழுதியிருப்பதை நீங்களும் ஆயிரம் தடவை பார்த்திருப்பீங்க. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு முதல் வார்த்தைக்கு அரைகுறையா அர்த்தம் தெரியும். இரண்டாவது வெறும் எழுத்துதான். போன செமஸ்டர் லீவுல அந்த இரண்டாவது எனக்கே வந்தது. ஆபரேஷன் முடிஞ்சு ஐந்து வாரம் வீட்டுல கிடந்தேன். அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவி வெச்சுட்டு வாங்க.

முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன். ஆசனவாய்க்கு உள்பக்கம் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கு. அதில் ஒன்று அடைத்துக்கொண்டு கிருமி சேர்ந்தால் சீழ்க்கட்டி வரும். கட்டி உடைஞ்சு சீழ் வெளியேறின பாதை, சில பேருக்கு மூடாமல் குழாய் மாதிரி அப்படியே நின்றுவிடும். உள்ளே ஒரு வாய், வெளியே தோலில் ஒரு வாய், நடுவுல ஒரு சுரங்கம். இதுதான் பவுத்திரம். ஆங்கிலத்துல ஃபிஸ்டுலா. மூலம் வேற, இது வேற. மூலம்ங்கறது ரத்தக்குழாய் வீங்கறது. அதுக்குத் தர்ற ஆயின்மென்ட்டை எவ்வளவு தடவினாலும் இந்தச் சுரங்கம் மூடாது. பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி.

அந்த ஆபரேஷன்ல ஒரு சிக்கல் இருக்கு. மலத்தை அடக்கி வைக்கிற தசை வளையத்துக்குள்ளேயே சுரங்கம் புகுந்து போகலாம். தசையை அதிகமாக வெட்டினால் அடக்கும் சக்தி போயிடும். குறைவாக வெட்டினால் நோய் திரும்ப வரும். அதனால்தான் முதல்ல எம்.ஆர்.ஐ. எடுத்து, சுரங்கம் எந்த வழியா போகுதுன்னு பார்க்கிறாங்க. எனக்கு மேலோட்டமாகத்தான் போயிருந்தது. அதனால் சுரங்கத்தை நீளவாக்கில் திறந்துவிட்டாங்க. வேலை முடிஞ்சதும் தையல் போடலை.

"தையல் இல்லையா சார்?"னு கேட்டேன். "மேலே மூடிட்டா அடியில மறுபடியும் சீழ் கட்டும்பா. புண்ணு அடியிலிருந்து மேலே வளர்ந்து வரணும்" என்றார் சர்ஜன். நம்ம சிவில் பசங்களுக்குப் புரியும். கான்கிரீட்டுக்கு 28 நாள் க்யூரிங் மாதிரி. அவசரப்படுத்த முடியாது, விட்டுடவும் முடியாது.

இது ஏதோ நமக்கு மட்டும் வந்த கேவலம்னு தோணும். பிரான்ஸ் நாட்டு ராஜா பதினான்காம் லூயிக்கு 1686-ல் இதே ஆபரேஷன்தான் நடந்தது. செஞ்சவர் சார்ல் ஃபிரான்சுவா ஃபெலிக்ஸ். ராஜா மேல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அவர் வேற நோயாளிகளிடம் செஞ்சு பழகிக்கிட்டாராம். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-ல். செய்த ஃபிரெடரிக் சால்மன், இந்த மாதிரி நோய்களுக்குன்னே 1835-ல் லண்டன்ல ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை தொடங்கினவர். ரெண்டு பேருக்கும் மயக்க மருந்து கிடையாது. அது அப்போ வரவே இல்லை. எனக்கு முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியலை. நான் ராஜாவைவிட வசதியானவன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. தினமும் மூணு நாலு தடவை, அகலமான பிளாஸ்டிக் டப்புல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அதில் பத்துப் பதினஞ்சு நிமிஷம் உட்காரணும். சிட்ஸ் பாத்னு பேரு. தண்ணியில எதுவும் கலக்க வேண்டாம்னு என் டாக்டர் சொல்லிட்டார். ராத்திரி இசப்கோல், பகல்ல கீரை, வாழைத்தண்டு, கொய்யா, நிறையத் தண்ணி. முதல் தடவை மலம் கழிக்கப் போறதுக்குத்தான் பயம். பயந்து அடக்கினால் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். போயிட்டு நேரா டப்புல உட்கார்ந்தா, அஞ்சு நிமிஷத்துல உயிர் திரும்பி வரும். இதை நம்புங்க.

வலியைவிடக் கஷ்டம் கசிவு. ரத்தமும் நீருமா வாரக்கணக்கில் வரும். திறந்த புண் ஆறும்போது அப்படித்தான். பஞ்சு வெச்சா நகருது. இரண்டாவது நாள் அம்மா பீரோவிலிருந்து சானிட்டரி பேட் ஒன்று எடுத்துட்டு வந்து, "இதை வெச்சுக்க கண்ணு, நகராது"ன்னு எப்படி ஒட்டணும்னு காட்டினாங்க. நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன். "இதுல என்ன இருக்கு, நான் இத்தனை வருஷமா வெக்கலையா?" என்று சொல்லிட்டுச் சமையல் பண்ணப் போயிட்டாங்க.

பேட் தீர்ந்ததும் அப்பா கடைக்குப் போனார். கடைக்காரர் பேப்பரில் சுற்றி, கருப்புக் கவரில் போட்டுக் கொடுத்தாராம். "எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு பத்திரமா எந்த மருந்தும் கட்டிக் கொடுத்ததில்லை"ன்னு அப்பா சொன்னார். சிரிச்சா புண் வலிக்கும். இருந்தாலும் சிரிச்சோம்.

ஆனா வெளியே வேற கதை. பார்க்க வந்தவங்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமா வந்து "தம்பிக்கு என்னங்க ஆபரேஷன்?"னு கேட்டா, அம்மா "வயித்துல ஒரு சின்னக் கட்டிங்க" என்பாங்க. நான் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு தலையாட்டுவேன். வெட்டி எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தாங்க. காச நோயாலும் இது வரலாம், அதனால் சோதிப்பாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அம்மா ராத்திரி எழுந்து என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்க. காச நோய் இல்லைன்னு வந்தது. அந்தப் பயத்தையும் அவங்க யாரிடமும் சொல்ல முடியலை. வயித்துக் கட்டின்னு சொல்லியாச்சே.

மூணாவது வாரம் பெரியப்பா வந்தார். லாரி ஓட்டுறவர். அவரிடமும் அம்மா அதையே சொன்னாங்க. அன்னைக்கு எனக்கு அலுத்துப் போச்சு. "இல்லீங்க பெரியப்பா, பவுத்திரம்" என்றேன். அந்த வார்த்தையை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா ஒன்றும் பேசலை. டீ குடிச்சார். அம்மா உள்ளே போனதும் கதவைச் சாத்திட்டு வந்து கட்டில் பக்கத்துல நின்னார். "ரொம்ப வலிக்குமா சாமி?" என்றார். அப்புறம், "எனக்கு ஆறு வருஷமா இருக்குது." சீட்டில் துணி மடிச்சுப் போட்டுக்கிட்டு நாக்பூர் வரைக்கும் ஓட்டியிருக்கார். பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. எந்த டாக்டரிடமும் காட்டலை. காட்டணும்னா வாயைத் திறந்து சொல்லணுமே.

நான் அதுவரைக்கும் தெரிஞ்சுக்கிட்ட எல்லாத்தையும் அவருக்குச் சொன்னேன். டப்பு, இசப்கோல், தையல் போட மாட்டாங்க, ஏன் போட மாட்டாங்க. பேட் பத்திச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். அப்புறம், "அது நகராதா?"ன்னு கேட்டார்.

அதனால் உங்களுக்கு ஒரு விஷயம். ஆசனவாய் பக்கத்துல கட்டி, திரும்பத் திரும்பச் சீழ், உள்ளாடையில் கறை என்று ஏதாவது இருந்தால், ஹாஸ்டல் ரூம்ல கூகுள் பண்ணிக்கிட்டு உட்காராதீங்க. அரசு மருத்துவமனையானாலும் சரி, தனியார் ஆனாலும் சரி, ஒரு சர்ஜனைப் பாருங்க. "பின்னாடி பிரச்சினை" என்று சுற்றி வளைக்காமல், "ஆசனவாய் பக்கத்துல சீழ் வருது" என்று நேரா சொல்லுங்க. அவங்க அதை தினமும் கேட்கிறவங்க. ஆபரேஷன் முடிஞ்சவங்க, காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கூடினாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ, ஒண்ணுக்குப் போக முடியலைன்னாலோ உடனே திரும்பப் போங்க.

பெரியப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. அவருக்குச் சுரங்கம் கொஞ்சம் ஆழம், ரெண்டு கட்டமா பண்ணணுமாம். அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. பெரியம்மாவிடம் சொல்லிட்டார். டப்பு நான் வாங்கிக் கொடுக்கிறதா சொல்லியிருக்கேன்.