பிளசர், பிளிமத், நம்ம வண்டி

எங்கள் வீட்டில் என் பாட்டாவின் நிழற்படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் தாத்தாவைப் பாட்டா என்பது வழக்கம். தம்பானூர் ரயில் நிலையத்தின் கருங்கல் கட்டடத்துக்கு முன்னால் உயரமான பெரிய கார் ஒன்று நிற்கிறது. அதன் பானட்டின் மீது வலக்கையை ஊன்றியபடி, வெள்ளை வேட்டி சட்டையுடன், சற்றே விறைத்த முகத்துடன் அவர் நிற்கிறார். அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் பாட்டி, "எங்க பிளசராக்கும்" என்பாள். ஆங்கிலம் படித்த பெரியப்பா உடனே திருத்துவார்: "பிளசர் இல்லம்மா, பிளிமத். அமெரிக்க வண்டி." பாட்டி அந்தத் திருத்தத்தைக் காதில் வாங்கியதே இல்லை. அடுத்த முறையும் பிளசர் என்றே சொன்னாள்; சாகும்வரை அப்படித்தான் சொன்னாள்.

ஊரில் ஒரு காலத்தில் சொந்தமாகக் கார் வைத்திருந்த குடும்பம் என்பது எங்கள் உறவினரிடையே ஒரு தகுதியாகவே நிலைபெற்றிருந்தது. திருமணப் பேச்சுகளில் அது இயல்பாக வந்து விழும். நானும் பள்ளியில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கடந்த ஆண்டு, என் முனைவர் பட்ட ஆய்வின் களப்பணிக்காகத் தம்பானூரைச் சுற்றியுள்ள தமிழ் பேசும் ஓட்டுநர்களிடமும் பணிமனைக்காரர்களிடமும் வண்டி தொடர்பான சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் இங்கே 'வளையம்', உதவியாள் 'கிளி'. தமிழும் மலையாளமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் சொற்பரப்பு இது. அந்தப் பட்டியலில் 'பிளசர்' என்ற சொல்லையும் சேர்த்தேன். சேர்த்த பிறகுதான் பாட்டியும் பெரியப்பாவும் ஆயுள் முழுக்க நடத்திய வழக்கை ஒருமுறை விசாரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் சொல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் லாரி, பேருந்து போன்ற வாடகை வண்டிகளிலிருந்து வேறுபடுத்த, சொந்தப் பயணத்துக்கான காரை 'பிளஷர் கார்' என்றனர். அந்த வழக்கு அங்கே மங்கிவிட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலோ நெடுநாள் நின்றது. தமிழ்ச் சொல் மெய்ம்மயக்கத்தோடு தொடங்காது என்பதால் முதலில் ஓர் இகரம் புகுந்தது, நடுவிலிருந்த ஒலி சகரமாயிற்று, 'கார்' உதிர்ந்தது. எந்த நிறுவனம் செய்த காராயினும் அது பிளசர்தான். ஆகவே பாட்டி சொன்னது ஒரு பொதுப்பெயர். பெரியப்பா அதை ஒரு சிறப்புப் பெயரின் சிதைந்த வடிவம் என்று எண்ணினார். இரண்டும் 'பிள', 'பிளி' என்றே தொடங்குவதால், படிக்காத தாய் பிளிமத்தைத் தவறாக உச்சரிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. தவறில்லாத இடத்தில் தவறு கண்டு திருத்துவதை மொழியியலில் மிகைத்திருத்தம் என்போம். எங்கள் குடும்பப் பெருமையின் பெயர்ப்பலகை அப்படி எழுதப்பட்டது.

அடுத்து வண்டி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பானட்டின் நுனியில் கப்பல் இல்லை. பிளிமத்தின் சின்னம் மேபிளவர் என்னும் பாய்மரக் கப்பல். இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றது அது. பாட்டாவின் கைக்கு அருகில் இருந்ததோ முட்டுவதற்குத் தலை தாழ்த்திய ஆட்டுக்கடா. அது டாட்ஜ் நிறுவனத்தின் சின்னம்.

சாலைப் பகுதியில் எண்பது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். பதினாறு பதினேழு வயதில் பணிமனையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"டாட்ஜ் கிங்ஸ்வேயாக்கும் மோளே. ஆனா உங்க பெரியப்பா சொன்னதும் பொய்யில்ல. பிளிமத்து, டாட்ஜ், டிசோட்டோ மூணும் ஒரே வண்டி. மூஞ்சி மட்டும் வேற."

அவர் சொன்னது உண்மை. வால்டர் கிறைஸ்லரின் நிறுவனம் 1928இல் மூன்று காரியங்களைச் செய்தது: பிளிமத், டிசோட்டோ என்னும் இரு புதுப் பெயர்களைத் தொடங்கியது, டாட்ஜ் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. பிளிமத் எளியோருக்கான கார். உழவர்கள் கதிர்க்கட்டு கட்டப் பயன்படுத்திய ஒரு கயிற்றின் பெயர் பிளிமத் என்பதாலேயே அதைத் தேர்ந்தார்கள் என்றொரு கதை உண்டு. பட்டணத்தாருக்குக் கப்பல், பட்டிக்காட்டாருக்குக் கயிறு என்று ஒரே பெயர் இருவகை நினைவையும் எழுப்பியிருக்க வேண்டும். தொடக்கம் முதலே நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் வைத்து விற்றதால், ஃபோர்டு, ஷெவர்லேக்கு அடுத்த மூன்றாம் இடத்தைப் பல்லாண்டுகள் அது பிடித்திருந்தது. வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது பிளிமத்தின் உடலுக்கே டாட்ஜின் முகப்பைப் பொருத்திக் கிங்ஸ்வே என்றும், டிசோட்டோவின் முகப்பைப் பொருத்தி டிப்ளமாட் என்றும் பெயரிட்டார்கள்.

இந்தியாவில் இவற்றைப் பொருத்திக் கட்டியது, வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். பம்பாய் குர்லாவிலிருந்த அதன் ஆலையிலிருந்து 1947 முதல் வண்டிகள் வெளிவந்தன. உதிரிகளை இறக்கிப் பொருத்துவதோடு நின்றுவிடாமல் இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே தொடரலாம் என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. பிரீமியர் நிலைத்தது, ஆனால் சிறிய ஃபியட் கார்களின் பக்கம் திரும்பிக்கொண்டது. பெரிய அமெரிக்கக் கார் அரிய பொருளாயிற்று. அமெரிக்காவில் டிசோட்டோவின் கதை 1960 இறுதியில் முடிந்தது. பிளிமத்தின் கடைசி கார் 2001 ஜூனில் வெளிவந்தது. டாட்ஜ் மட்டும் இன்றும் இருக்கிறது.

அந்த வண்டி எப்படிப்பட்டது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். ஆறு சிலிண்டர் எஞ்சின், முரட்டுத்தனம் கிடையாது, மூன்றாம் கியரில் போட்டுவிட்டால் ஆள் நடக்கும் வேகத்திலும் முனகாமல் போகும். கியர்க் கம்பி வளையத்துக்குக் கீழே. மின்சாரம் ஆறு வோல்ட் என்பதால் மழைக்காலத்தில் காலையில் கிளப்புவது பெரும்பாடு. முகப்பு விளக்கும் மங்கல். பெட்ரோல் காலனுக்குப் பதினைந்து மைல் கிடைத்தால் அதிர்ஷ்டம். பின்னாளில் பெட்ரோல் விலை ஏறியதும் பலர் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றி வாடகைக்கு ஓட்டினார்கள். "அதோட அதுக்க சத்தம் போச்சு. சத்தம் போனா பின்ன என்ன வண்டி?" என்றார்.

படத்தைத் திருப்பித் தரும்போதுதான் அதைச் சொன்னார். "உங்க பாட்டா ஓட்டின வண்டிய எனக்குத் தெரியும். எஸ்டேட்காரங்க வண்டியில்லியா?"

அவர் குறிப்பிட்ட குடும்பம் இன்றும் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அதன் இன்றைய மூத்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். தொலைபேசியில் விவரம் சொன்னதும் அன்போடு வரச் சொன்னார். தேநீர் கொடுத்தார், ஆல்பத்தைத் திறந்தார். உரிமையாளர் தரப்பின் கருத்துகள் அவரிடம் நிறைய இருந்தன. கூரை உயரமாக இருந்ததால் அவருடைய பாட்டி தலை குனியாமல் ஏறி அமர்வாராம். தொப்பி வைத்த ஆண்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதில் கிறைஸ்லர் தலைவர் கெல்லர் பிடிவாதமாக இருந்தது அப்போது என் நினைவுக்கு வந்தது; அந்தத் தொப்பிகளின் பயனைத் திருவிதாங்கூர் மூதாட்டி ஒருவர் அனுபவித்திருக்கிறார். நாகர்கோவில்வரை போய் வந்தாலும் களைப்பே தெரியாதாம். 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின் தம் நிலம் ஒரு மாநிலத்திலும் வீடு ஒரு மாநிலத்திலுமாகப் பிரிந்ததைத் தாத்தா காரில் போகும்போதெல்லாம் சொல்லிப் புலம்புவாராம். உதிரி கிடைக்காமல் போனதும் வண்டியை விற்றுவிட்டார்கள்.

ஆல்பத்தில் அந்தக் காரோடு ஏழு படங்கள் இருந்தன. கல்யாணம், கோயில், கன்னியாகுமரிக் கடற்கரை. ஒன்றில் ஓட்டுநர் இருக்கையின் சன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. சட்டைக் கை மடித்துவிடப்பட்டிருந்த விதத்தைக்கொண்டு அது பாட்டாதான் என்று நினைத்தேன். "இது யார்?" என்றேன். "ஞங்ஙளுடெ டிரைவர்" என்றார். பெயர் அவருக்கு நினைவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது வண்டியோடு பேசுவார் என்பது மட்டும் நினைவிருந்தது.

அந்த 'ஞங்ஙளுடெ' என்ற சொல்லோடுதான் வீடு திரும்பினேன். மலையாளத்திலும் தமிழிலும் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம். விலக்கி நிறுத்துவது நாங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு இதை நான் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். பேராசிரியர் இயல்பாக விலக்குப் பன்மையைச் சொன்னார். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. பாட்டா முதலாளி வீட்டில் என்ன சொல்லியிருப்பார்? 'உங்க வண்டி' என்பது அன்னியம். 'என் வண்டி' என்பது அத்துமீறல். வேலை செய்கிறவர்கள் காலங்காலமாகச் சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருப்பார்: 'நம்ம வண்டி.' அதே சொல்லோடு இரவு வீட்டுக்கு வந்திருப்பார். 'நம்ம வண்டி இன்னைக்கு ஆரல்வாய்மொழி வரைக்கும் போச்சு' என்று பாட்டியிடம் சொல்லியிருப்பார். அந்த 'நம்ம'வுக்குள் இப்போது பாட்டியும் இருந்தாள். அவள் அண்டை வீட்டாரிடம் சொன்னபோது அது 'எங்க பிளசர்' ஆயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்பவர் மாறும்போது இடப்பெயர் மாறியது. இடப்பெயரோடு உடைமையும் கைமாறியது.

இந்த விளக்கம் எனக்கு அழகாகத் தெரிந்தது. பெரியப்பாவிடம் சொல்லத்தான் நா எழவில்லை. மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனபோது, பிளசர், டாட்ஜ், ஆட்டுக்கடா எல்லாவற்றையும் சொல்லி, கடைசியாக அதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும் மக்கா" என்றார். "சின்ன வயசுல ஒருநாள் ரோட்டுல அந்த வண்டி வந்துது. 'அப்பா'ன்னு கூப்பிட்டு ஓடினேன். அவரு நிறுத்தல்ல. பின்னால ஆளிருந்தாங்க." சற்று நிறுத்தி, "அம்மைக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார்.

பெரியப்பா ஏன் அத்தனை ஆண்டுகள் பெயரை மட்டும் திருத்திக்கொண்டிருந்தார் என்பது அப்போது புரிந்தது. திருத்த வேண்டிய மற்றதைத் தொடாமல் இருக்க அது ஒரு வழி. மிகைத்திருத்தம் என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டேன். வேறு கலைச்சொல் எதையும் அங்கே எழுதவில்லை.

பேராசிரியர் விடைபெறும்போது ஓர் உதவி கேட்டிருந்தார். அவர்களிடம் இருந்த ஏழு படங்களிலும் காரை மறைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். வண்டியின் முகம் முழுதாகத் தெரியும் படம் எங்களிடம் உள்ளது ஒன்றுதான். அதன் பிரதி கிடைக்குமா என்றார். சென்ற வாரம் நல்ல தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்புறத்தில் பென்சிலால் 'டாட்ஜ் கிங்ஸ்வே, தம்பானூர்' என்றும், அதற்குக் கீழே பாட்டாவின் முழுப்பெயரையும் எழுதியிருந்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார்.