உம் கொட்டுவார் வேண்டும்

கதை சொல்வார்க்கு நா எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கேட்பாரின் ‘உம்’. உம் கொட்டாத இடத்தில் கதை நகராது என்பதை நம் பாட்டிமார் அறிவர். வகுப்பறையில் வாய்மொழி இலக்கியம் பயிற்றும் நான், இவ்வுண்மையை நூல்களில் கற்கவில்லை; என் தாதாவின் கட்டிலருகே, ஒரு பிழை செய்த பின்னரே கற்றேன்.

தாதா பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புகளில் நாற்பதாண்டு உழைத்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட நாள்முதல் குரோம் வந்த நாள்வரை கண்டவர். பள்ளிக்கூடம் சென்றறியாதவர்; எனினும் வீட்டில் உருதுவும், தொழிலிடத்தில் தமிழும், சந்தையில் தெலுங்கும் தடையின்றிப் பேசுவார். இஷாத் தொழுகை முடிந்ததும் திண்ணையிலமர்ந்து அவர் சொல்லும் கதைகளுள் ஒன்று எனக்கு உயிர். பத்தலப்பள்ளி மலைவழியே ஆவாரம்பட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டி நள்ளிரவு மழையில் சேற்றில் சிக்கிற்று. கிழ வண்டிக்காரர் தம் கம்பளியைப் பட்டை மூட்டைகளின்மேல் போர்த்திவிட்டு, விடியுமளவும் தாம் நனைந்து நின்றார். “பிறர் பொருள் அமானிதம்” என்று தாதா கதையை முடிப்பார்.

2011ஆம் ஆண்டளவில் அக்கதையில் ஓட்டைகள் விழலாயின. முதலில் மறைந்தது வண்டிக்காரரின் பெயர். பின்னர்க் கம்பளி ‘அது’ ஆயிற்று. மலைவழி ‘அங்கே’ ஆயிற்று. பெயர்ச்சொற்கள் ஒவ்வொன்றாய் விடைபெற, சுட்டுச்சொற்கள் அவற்றின் இடத்தில் வந்தமர்ந்தன. உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டார். ஒரே வினாவைப் பத்துமுறை வினவினார். வேலூரில் நரம்பியல் மருத்துவர் அல்சைமர் நோய் என்றார்.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் முதன்முதலாக எடுத்துரைத்த நோய் இது. புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதியை இது பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. ஆகவே நேற்றைய நிகழ்ச்சி அழிய, ஐம்பதாண்டுக்கு முந்தையது நிலைக்கிறது. சொற்பொருளைக் காக்கும் பகுதிகளுக்குப் பரவும்போது பெயர்கள் நழுவுகின்றன. கைப்பழக்கமோ நெடுநாள் எஞ்சி நிற்கும்.

என் பிழையைச் சொல்கிறேன். ஒரு பெருநாளன்று விருந்தினர் நடுவே தாதா அக்கதையைத் தொடங்கினார். வண்டி தீப்பற்றியது என்றார். “இல்லை தாதா, மழையல்லவா பெய்தது?” என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பின் தலை கவிழ்ந்தார். அதன்பின் பல மாதங்கள் அக்கதையை அவர் தொடங்கவேயில்லை. சொல்லைப் பறித்தது நோய். சொல்லும் துணிவைப் பறித்தவன் நான்.

மீட்டவர் என் தாதிமா. ஒரு மாலை, பழைய தோல் துண்டொன்றைத் தாதாவின் கையில் வைத்தார். கட்டைவிரல் தானே அதன் பதத்தைத் தடவிப் பார்த்தது. “அன்றைக்கு வண்டி வந்ததே...” என்றார் தாதிமா. தாதா ஏதோ சொன்னார், கோவை இல்லை. “ஹவ்... ஹவ்...” என்று தாதிமா தலையசைத்தார். அவர் தயங்கிய இடத்தில் “மழை” என்று ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். மீண்டும் ‘ஹவ்’. பெயரில்லை, வரிசையில்லை, ஆயினும் குரலின் ஏற்றவிறக்கமும், கம்பளி போர்த்தும் கைச்சாடையும், ஈற்றில் ‘அமானிதம்’ என்னும் சொல்லும் குறைவின்றி வந்தன. கதையும் இரட்டைமாட்டு வண்டியே. ஒன்று தளர்ந்தால் மற்றது கூடுதலாக இழுக்க வேண்டும்.

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளரை ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசுவோரைக் காட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரிடம் நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியது. எழுத்தறியாதாரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டது. தாதாவின் மும்மொழிகள் அவர்க்குச் சில கதையாண்டுகளைக் கூட்டித் தந்தனவோ என எண்ணிக்கொள்வேன்.

இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் சுமார் 88 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. மாணவச் செல்வங்களே, அவர்களுள் ஒருவர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். “என்னைத் தெரிகிறதா?” என்று அவரைச் சோதிக்காதீர்கள், உங்கள் பெயரை நீங்களே கூறி ஸலாம் சொல்லுங்கள். தொலைக்காட்சியை நிறுத்தி, முகம் நோக்கி அமருங்கள். ஒரு நேரத்தில் ஒரு வினா போதும். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

பெற்றோரின் முதுமையில் அவர்களிடம் சலிப்புச் சொல் ஒன்றும் கூறலாகாது எனத் திருமறை (17:23) விதிக்கிறது. அச்சலிப்பு திருத்தம் என்னும் வேடத்திலும் வரும் என்பதை நான் காலந்தாழ்ந்தே அறிந்தேன்.

2016ஆம் ஆண்டில் தாதா மறைந்தார். இறுதி மாதங்களில் என் பெயர் அவர் நாவில் வரவில்லை. ஆனால் நான் ஸலாம் சொன்னால், மறுமொழி ஸலாம் முழுமையாக வந்தது. அவ்வண்டிக்காரர் கதையை இப்போது என் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன். அவர்கள் உம் கொட்டுகிறார்கள்.