கரைக்கடற் போர்க்கலம்

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது நெய்தற்றிணை பற்றிய கட்டுரையே. யாம் எழுதப் புகுந்ததோ, நெய்தற்கரையை அண்டி உலாவவென்று உருக்காலும் அலுமினியத்தாலும் அமைத்த ஒரு போர்க்கலத்தைப் பற்றியதாயிற்று. ஆசிரிய கலாசாலையிலே தமிழ் பயின்று வந்தவனுக்கும் போர்க்கலத்துக்கும் யாது தொடர்பென்று நம் பழைய மாணவருட் பொறியியலாளராய் உள்ளோர் நகைப்பர். நகைக்கட்டும்.

போர்க்கப்பலை விரும்பிப் பார்க்கும் பழக்கம் எமக்கு என்றும் இருந்ததில்லை. யாம் சிறுவராயிருந்த நாளிலே கடலிற் சாம்பல் நிறமாய் ஏதேனும் தோன்றினால், வலை பொத்துவோர் வலையையும் யாம் விளையாட்டையும் விட்டுப் பனங்கூடலுக்குள் ஓடுவோம். அவ்வச்சம் நீங்கியும் அந்நிறம் எமக்கு இன்னும் ஒவ்வாது.

யாம் கூறவந்த கலத்தின் பெயர் 'பிரீடம்'. அமெரிக்க நாட்டு விஸ்கொன்சின் மாநிலத்திலே, மெனொமினி ஆற்றங்கரையிலுள்ள மரினெற் என்னும் சிறு நகரில் 2005ஆம் ஆண்டு யூன் மாதம் அதற்கு ஏரா இடப்பட்டது. 2006 செப்டெம்பரிலே அதனை முகப்பு முன்னாகவன்றிப் பக்கவாட்டாகச் சரித்து ஆற்றில் விழுத்தினர். 115 மீற்றர் நீளமான கலம் ஒருபுறம் சாய்ந்து, பேரலை எழுப்பிப் பின் நிமிர்ந்து நின்றது. 2008 நவம்பரிற் சேவையிற் சேர்ந்தது.

விரைபடகு, கண்ணிவெடி, நீர்மூழ்கி ஆகிய மூன்றையும் ஆழங்குறைந்த நீரிலே எதிர்த்தல் வேண்டும். ஆயினும் மூவகைக் கருவிகளையும் ஒருங்கே சுமவாது, துறைமுகத்தில் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டிக்கொள்ளல் வேண்டும் என்பது கருத்து. மணிக்கு 40 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகமும் வேண்டுமென்றனர். அதற்காக இரு வாயுச் சுழலிகளையும் இரு டீசல் இயந்திரங்களையும் பற்சக்கரத் தொகுதியால் இணைத்து, விசிறிக்குப் பதிலாக நீரைப் பீறித் தள்ளும் தாரைகள் நான்கு வைத்தனர். கலத்தை நடத்த 40 பேர் போதுமெனவும் வகுத்தனர். ஒன்றுக்கு 22 கோடி டொலர் என்று மதிப்பிட்டிருக்க, முதற்கலங்களின் செலவு 50 கோடியைத் தாண்டிற்று. வரைபடம் முற்றுப்பெறு முன்னரே கட்டத் தொடங்கியது அதற்குக் காரணங்களுள் ஒன்று. சட்டகம் போடாது கட்டுரை எழுதத் தொடங்கும் மாணவரை நாடோறும் காணும் எமக்கு இது வியப்பன்று.

நிற்க. கலைச்சொல்லாக்கம் பற்றிய பாடமொன்றிலே இக்கலத்தின் வகைப்பெயரைத் தமிழாக்குமாறு மாணவரைக் கேட்டோம். அவ்வேளை, அலபாமா மாநிலத்து மொபைல் நகரிற் கட்டப்பெற்ற 'இண்டிபென்டன்ஸ்' என்னும் அலுமினியக் கலம் 2011இல் அரிப்புண்டதைச் சொல்லி, அது ஏனென வினவினோம். விஞ்ஞானத்தில் முதல் நிற்போர் வாளாவிருந்தனர். வாரத்தில் இரு நாள் மட்டும் வரும் கடற்கரைப் பிள்ளையொருவன் பின்வாங்கிலிருந்து எழுந்தான். வேறு வேறு உலோகம் சேர்ந்து உப்புநீரிற் கிடந்தால் ஒன்று மற்றதைத் தின்னும் என்றான். தன் தந்தையின் படகு இயந்திரத்திலே அதற்காகவே ஒரு நாகத் துண்டு உண்டு, அது கரையக் கரைய மாற்றுவதும் தானே என்றான். பின்வந்த கலங்களுக்கு இக்காப்பு முறையையே செய்தனர் என்று யாம் சொன்னபொழுது வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது.

அவனோ பள்ளியை விடவிருந்தான். அவன் தந்தையாரை யாம் வாடியிலே கண்டோம். "படிச்சு முடிச்சா ஆர் மாஸ்ரர் கடலுக்குப் போறது?" என்றார். அதற்கு விடை எம்மிடம் இல்லை. ஆகவே, 'போற் வேர்த்' என்னும் கலத்தின் கதையைச் சொன்னோம். யாவாக் கடலில் வீழ்ந்த விமானத்தைத் தேட 2015இன் தொடக்கத்திற் சென்ற கலம் அது. 2016 சனவரியிலே, சிங்கப்பூர்த் துறையிற் கட்டியிருந்தபடியே, பற்சக்கரத் தொகுதிக்குப் போதிய எண்ணெய் செல்லாத நிலையில் இயந்திரத்தை இயக்கியதாற் பழுதுற்று மாதக்கணக்காய் அங்கேயே கிடந்தது. பகைவர் எவரும் அதைத் தொடவில்லை. 'பிரீடம்' 13 ஆண்டும் நிரம்பாது 2021இல் ஓய்வுபெற்றது. 2018இற் சேவையேற்ற 'சூ சிற்றி' 2023இல், ஐந்தாண்டும் ஆகுமுன் ஓய்வுபெற்றது.

தந்தையார் வலையைக் கீழே வைத்தார். "எண்ணெய் பாராமலோ முடுக்கினவங்கள்? எங்கட பொடியன் செய்யான்!" என்று சிரித்தார்.

"அவ்வாறு செய்யாதவனையே நாடுகள் தேடுகின்றன, ஆனால் ஒரு சான்றிதழும் கேட்கின்றன" என்றோம். நெடுநேரம் பேரம் நிகழ்ந்தது. பள்ளிநாளை விட்டுத்தந்தார்; வெள்ளி, சனி இரவுகளை யாம் விட்டோம்; ஞாயிற்றிரவை அவர் ஈற்றுவரை விடவேயில்லை.

பையன் இப்பொழுது உயர்தரத்திற் பொறியியற் றொழினுட்பம் கற்கிறான். திங்கட்கிழமை முதற்பாடம் தமிழ். மேசையிலே தலைவைத்து நித்திரை கொள்வான், யாம் எழுப்புவதில்லை.