கேட்பது இழிவன்று

பெண்கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேச்சுப் போட்டிகளில் பலமுறை முழங்கியிருக்கிறோம். ஆனால், கட்டணம் கட்டும் நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அதன் அருமை எங்களுக்கு விளங்கிற்று.

இதே பள்ளியில் பயின்ற எங்கள் அக்காவுக்குச் சென்ற ஆண்டு ‘கிளாட்’ நுழைவுத் தேர்வின் வழியே வெளிமாநிலச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வீடே மகிழ்ந்தது. விடுதியும் உணவும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் என்றறிந்ததும் மகிழ்ச்சி அடங்கியது. ஆட்டோ ஓட்டும் எங்கள் அப்பாவின் ஆண்டு வருமானமே அதைவிடக் குறைவு! “அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் குறைவம்மா, அங்கேயே சேர்ந்துவிடேன்” என்றார் அப்பா. அக்கா எதிர்த்துப் பேசவில்லை. இரவில் அழுதது எங்களுக்குத் தெரியும்.

உதவிக்கு வழி தேடினோம். தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் வழங்கும் 2021ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சட்டப்படிப்புக்கும் உண்டு. ஆனால் அது அரசுப் பள்ளி மாணவருக்கே உரியது. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ‘ஐடியா’ அமைப்பு, ஏழை மாணவரைத் தேர்ந்தெடுத்து நுழைவுத் தேர்வுக்கே பயிற்சி தருகிறது. அதை நாங்கள் காலங்கடந்து அறிந்தோம். வங்கிக் கடன் ஒரு பகுதியைத் தாங்கும். மீதிக்குப் பல்கலைக்கழகத்தையே கேட்க முடிவு செய்தோம்.

அக்கா எழுதிய முதற்கடிதம் முழுவதும் ‘கருணை கூருங்கள்’ என்பதே. அதைப் படித்த எங்கள் சிஸ்டர், “கண்ணீர் இருக்கிறது, கணக்கு இல்லையே மகளே!” என்றார். பிறகு கொர்னேலியா சொராப்ஜியின் கதையைச் சொன்னார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி அவர். தேர்வில் முதன்மை பெற்றும், பெண் என்பதால் இங்கிலாந்து சென்று படிக்கும் உதவித்தொகை மறுக்கப்பட்டது. நல்லோர் சிலர் நிதி திரட்ட, 1889இல் ஆக்ஸ்போர்டு சென்றார். 1892இல் சட்டத் தேர்வு எழுதினார். பட்டமோ 1922இல்தான் கைக்கு வந்தது! “அவரும் பிறர் உதவியால் படித்தவரே. கேட்பது இழிவன்று” என்றார் சிஸ்டர்.

புதிய கடிதத்தில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, நூல்கள், எங்களால் இயன்றது, வங்கி தருவது, குறையும் தொகை என யாவும் தனித்தனியே எழுதினோம். தாசில்தார் அலுவலகத்தில் பெற்ற வருமானச் சான்றிதழை இணைக்க அப்பா தயங்கினார். “உழைத்த காசுக்கு வெட்கம் எதற்கு?” என்று அம்மாவே எடுத்துக் கொடுத்தார்.

கல்விக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று பதில் வந்தது! நாங்கள் துள்ளினோம். அக்காவோ மீண்டும் எழுதினார். ‘இச்சலுகை ஐந்தாண்டுக்கும் உண்டா? அதற்கு நிபந்தனை என்ன? மீதியைத் தவணையில் கட்டலாமா?’ கொடுத்ததையும் பறித்துவிடுவார்களோ என்று நாங்கள் அஞ்சினோம். எல்லாத் தாள்களிலும் தேறினால் ஆண்டுதோறும் தொடரும், இரு தவணையில் கட்டலாம் என்று பதில் வந்தது. கேளாதிருந்தால் இது தெரிந்திருக்குமா?

அக்கா இன்று விடுதியில் இருக்கிறார். கடன் இருக்கிறது, அச்சம் இல்லை. அன்புத் தோழியரே! உதவித்தொகைகளைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே தேடத் தொடங்குவோம். சான்றிதழ்களை ஆயத்தமாக வைப்போம். தலைநிமிர்ந்து கேட்போம். நாளை நமக்கு வசதி வரும்போது, கேட்டு வரும் இளையவர்க்குக் கொடுக்கவும் மறவாதிருப்போம்.