எட்டாத அலமாரி

மதுரையை விட்டு சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு 57 வயது. பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தேன். இரண்டே வருடத்தில் அவன் பாலர் பள்ளிக்குப் போய்விட்டான். காலையில் எல்லாரும் கிளம்பிவிட்டால், பத்தாவது மாடி வீவக வீட்டில் நானும் ஃபிரிட்ஜ் சத்தமும்தான்.

அதைவிட என்னை வருத்தியது சமையலறை மேல்தட்டு. துவரம்பருப்பும் குழம்புப் பொடியும் அங்கேதான் இருக்கும். நானோ ஐந்தடிக்கும் குறைவு. மகள் வேலையிலிருந்து வரத் தாமதமானால், "அந்த டப்பாவை எடுத்துக் குடுங்க மாப்பிள்ளை" என்று கேட்க வேண்டும். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் முப்பது வருடம் சொந்த அடுப்படியில் யாரையும் கேட்காமல் சமைத்தவளுக்கு அது கூச்சமாகவே இருந்தது.

பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கலாமே என்பீர்கள். மகளும் அதைத்தான் சொன்னாள். அந்த வாரம் பார்த்து, எங்கள் சமூக மன்றத்தில் மரவேலை வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஊரில் கதவு செய்ய வந்த ஆசாரிக்குக் காப்பி கொடுத்துவிட்டு, இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் விழுவதைப் பார்த்து நின்றிருக்கிறேன். தொட்டதில்லை. பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வகுப்பில் எல்லாரும் இளையர்கள். "ஆன்டி" என்று இடம் விட்டார்கள். ஆசிரியர் எழுபதைத் தாண்டிய சீனர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் என் கையைப் பிடித்துக் காட்டுவார். "பெலான், பெலான்" என்பார். மெதுவாக என்பதற்கு நான் கற்ற முதல் மலாய்ச் சொல் அது.

முதலில் ஜப்பானிய ரம்பம் கொடுத்தார். மேற்கத்திய ரம்பம் தள்ளும்போது அறுக்கும். இது இழுக்கும்போது அறுக்கும். இழுக்கும்போது தகடு வளையாது என்பதால் மெல்லியதாகவே செய்திருப்பார்கள். என் மாதிரி வலுவில்லாத கைக்கு அது வரப்பிரசாதம். சத்தமும் குறைவு.

நியாத்தோ மரத்தில் ஓரடி உயர ஸ்டூல். குறுக்குச் சட்டத்தின் முனையில் நாக்கு, காலில் துளை, ஆணியே கிடையாது. ஏர்கான் அறையில் நாக்கைச் சீவி, துளையில் பொருத்திப் பார்த்து, சட்டங்களை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்தேன். விடாத மழை. அடுத்த வாரம் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோபத்தில் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தேன். கால் பிளந்தது.

ஆசிரியர் திட்டவில்லை. பிளந்த காலை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு கட்டையை எடுத்தார். காற்றின் ஈரத்தைக் குடித்தால் மரம் அகலத்திலும் கனத்திலும் ஊதும், நீளத்தில் அவ்வளவாக மாறாது என்று விரல்களால் காட்டினார். பிறகு உளியால் நாக்கின் பக்கத்தைக் காகிதம்போல ஒரு சீவல், பொருத்திப் பார்த்து இன்னொரு சீவல். மூன்றாவது முறை கையழுத்தத்திலேயே உள்ளே போய் உட்கார்ந்தது. புது ஊருக்கு வந்து நானும் இப்படித்தான் விறைத்துக்கொண்டு நின்றேனோ என்று அன்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பத்து வாரத்தில் ஸ்டூல் முடிந்தது. ஒரு கால் சற்று நீளம்; உப்புத்தாள் வைத்துத் தேய்த்து ஆட்டத்தை நிறுத்தினேன். அன்று மாலை ஏறி நின்று டப்பாவை எடுத்தேன். "நான் எடுத்துத் தர்றேனே அத்தை" என்று ஓடி வந்த மாப்பிள்ளை, பாதியில் நின்று சிரித்தார்.

இப்போது பேரன் அதன்மேல் ஏறித்தான் பல் துலக்குகிறான். மகள் அதில் உட்கார்ந்து காலணி மாட்டுகிறாள். சமைக்கும் நேரத்தில் அது அடுப்படியில் இருப்பதே இல்லை. "என் ஸ்டூல் எங்கே?" என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். இதைக் கேட்பதில் எனக்குத் துளியும் கூச்சமில்லை.