விரிசலும் வெள்ளை வண்ணமும்

உடைதலுக்கு முந்திய நிலைகளைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. மேற்பரப்போடு நிற்பது கீறல். உள்ளே இறங்குவது விரிசல். இரண்டாகப் பிரிந்து நிற்பது பிளவு. வகுப்பறையில் இவற்றின் வேறுபாட்டை விளக்க மண்சுவரையும் வறண்ட வயலையும் காட்டிவந்தோம். ஓர் எஃகுக் குழாயில், இம்மூன்று சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஓர் உயிரின் விலையாக இருக்கக்கூடும் என்று அறிந்தது, எங்கள் தம்பி விமானம் கட்டத் தொடங்கிய பிறகுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் அவன், தொழிலால் கணிப்பொறியாளன். கார் நிறுத்தும் கொட்டகையில் ஆறாண்டுகள் உழைத்து, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டி முடித்தான். அந்நாட்டில் இது விந்தையன்று. இத்தகையோருக்கெனவே 1953இல் மில்வாக்கியில் தோன்றியது எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன். அதன் கோடை விழா 1970இல் ஆஷ்காஷ் நகருக்கு இடம்பெயர்ந்தது. சொந்தக் கையால் கட்டிய விமானங்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கும்.

விமானத்தின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அவ்வாறு செய்தவர் உரிய சான்றிதழ் பெற்றால், அவ்விமானத்தின் ஆண்டுச் சோதனையையும் தாமே செய்து கையொப்பமிடலாம். தேர்வெழுதிய மாணவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தது போலிருக்கிறதே என்று அன்று நமக்குத் தோன்றியது.

விமானத்தின் முகப்பில், எஞ்சினில் பற்றும் தீ உள்ளே பரவாமல் தடுக்கும் தகட்டுக்கு முன்னால், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகம் ஒன்று உண்டு. அதுவே எஞ்சின் மவுண்ட். குழாய்ச் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான். அது ஏந்துவதோ நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சினை. சில விமானங்களில் முன்சக்கரத்தின் காலும் அதிலேயே பொருத்தப்படுவதால், தரையிறங்கும் அதிர்ச்சியையும் அது வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 முறை சுழன்றால், நொடிக்கு 80 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒரு மணி நேரத்தில் 2,88,000 முறை. இடையிலுள்ள ரப்பர்த் துண்டுகள் தணித்தது போக, எஞ்சிய அதிர்வெல்லாம் குழாய்களைத்தான் சேர்கிறது.

மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் வாக்கு. நாம் அறிந்த முறிவு அதுதான்: மிகையால் வரும் முறிவு. எஃகு வேறொரு முறிவையும் அறிந்திருக்கிறது. ஒருமுறை வைத்தால் எளிதில் தாங்கும் சுமையையே மீண்டும் மீண்டும் வைத்தெடுத்தால், அளவு மீறாமலே அது முறிந்துபோகும். 1842 மே 8 அன்று வெர்சேயிலிருந்து பாரிஸ் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு அவ்வாறுதான் முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் அகஸ்ட் வோலர், 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை ஓயாது சுழற்றிச் சோதித்து இதன் இயல்பை வரையறுத்தார். உலோகச் சோர்வு என்று அதற்குப் பெயர். மனிதச் சோர்வு உறங்கினால் தீரும். உலோகத்தின் சோர்வு ஓய்வால் தீர்வதில்லை.

இச்சோர்வு பெரும்பாலும் பற்றவைப்பின் விளிம்பில்தான் தொடங்கும். அங்கே வெப்பத்தால் எஃகின் இயல்பு மாறியிருக்கும். சிறு பள்ளம் இருந்தால் விசையெல்லாம் அதில் குவியும். அளவு பொருந்தாத சட்டகத்தை நெம்பி இழுத்துத் திருகாணி முடுக்கியிருந்தால், பறக்கும் முன்பே குழாய்க்குள் ஓர் இறுக்கம் குடிகொண்டிருக்கும்.

ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் இச்சட்டகத்துக்கு வெள்ளை அல்லது வெளிர்நிற வண்ணம் பூசச் சொல்கிறார்கள். வெள்ளையில் விரிசல் கருங்கோடாகவோ துருக்கோடாகவோ தெரியும். தடித்த பிளாஸ்டிக் பூச்சு பார்வைக்கு அழகுதான்; ஆனால் உள்ளே எஃகு விரிந்தபோதும் அது மேலே இழுபட்டு நின்று, குறையை மறைத்துவிடக்கூடும். சட்டகத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, விளக்கும் சிறு கண்ணாடியும் உருப்பெருக்கியும் கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஐயமெனில் வண்ணத்தை நீக்கி, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவினால், விரிசல் தானே சிவந்து எழுந்து வரும்.

நான்காம் ஆண்டுச் சோதனையில் தம்பியின் விமானத்தில் அப்படியொரு கோடு எழுந்தது. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. எங்கள் அம்மா அப்போது அங்கே சென்றிருந்தார். மறு ஞாயிறன்று அவரை ஏற்றிப் பறப்பதாக ஏற்பாடு. கொட்டகையில் வேறு யாருமில்லை. கையொப்பமிட வேண்டிய பேனாவும் அவனுடையதே. விரிசலின் மேல் மீண்டும் பற்றவைத்து, வண்ணம் பூசி மூடியிருக்கலாம். ஆனால் அது மருந்தன்று. பக்கத்திலேயே இன்னொரு விரிசலுக்கு அது விதையாகலாம். பழுதான பகுதியை வெட்டி நீக்கி, சற்றுப் பெரிய குழாயை அடிக்குழாயின் மேல் செருகி, அதன் முனையை மீன்வாய்போல் வெட்டிப் பற்றவைப்பதே முறை. அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும், வாரங்கள் ஆகும்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னதாகத் தொலைபேசியில் கூறினான். அம்மா கேட்டது ஒன்றுதானாம்:

"அத வேற யாராச்சும் காட்டினாங்களா, நீயே பாத்தியா?"

"நானேதாம்மா பாத்தேன்."

"அப்ப சரிப்பா. செஞ்சு முடி, வர்றேன்."

இத்தகைய விமானம் வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று என்ற எச்சரிக்கைப் பலகை, பயணியின் கண்ணெதிரே இருந்தாக வேண்டும். ஆங்கிலம் அறியாத அம்மா அதைப் படித்திருக்க இயலாது. அவர் கேட்டறிந்தது அதனினும் பெரிய தகவல் என்று நமக்குத் தோன்றுகிறது.

விமானப் பொறியாளராக இருந்து நாவலாசிரியரான நெவில் ஷூட், 1948இல் 'நோ ஹைவே' என்ற நாவலை எழுதினார். உலோகச் சோர்வால் விமானத்தின் வால் முறியும் என்று கணித்த அறிஞர் ஒருவர், அதே வகை விமானத்தில் தாமே பயணியாகிறார். வழியில் தரையிறங்கியதும், அதன் சக்கரங்களை மடக்கி அது மேலெழாதபடி செய்துவிடுகிறார். ஆறாண்டுகள் கழித்து, 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதைந்தன. காரணம் உலோகச் சோர்வே என ஆய்வில் தெளிவாயிற்று. ஷூட்டின் நாவலில் நம்மைத் தொடுவது அவர் முன்கூட்டியே உணர்ந்தது மட்டுமன்று. கண்டதைச் சொல்லிப் பயணத்தை நிறுத்துகிறவன் எத்துணைத் தனியன் என்பதும்தான்.

மாணவனே விடைத்தாளைத் திருத்தலாமா என்ற ஐயம் நமக்கு முழுதும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், அந்த விடைத்தாளில் தாயை அமர்த்திப் பறக்க வேண்டியவன், பிறர் எவரினும் கடுமையாகத் திருத்துவான் என்று நம்ப இடமிருக்கிறது. நம்முடைய குறைகளின் மேல் நாம் பூசுவது எந்த வண்ணம் என்பதே கேள்வி.