இராயப்பரின் பெயர் தாங்கிய ஊர்

மாத்தூரில் குடியிருக்கும் எங்களுக்கு இராயபுரம் அயலூரன்று. மீன் வாங்கவும் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் அவ்வழியே போய் வருகிறோம். ஆயினும் அவ்வூர் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. படகோட்டும் மக்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்தால் அப்பெயர் வந்தது என்பர். இராயப்பர் என்பது பேதுருவுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர். தெலுங்கில் 'ராயி' என்றால் கல். ஆண்டவர் அவருக்குப் பாறை எனச் சூட்டிய பெயரே இவ்வாறு நம் நாவில் தவழ்கிறது போலும்.

அந்தப் பாறை ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு நொறுங்கியது. வாளும் விலங்கும் அவர் முன் நீட்டப்படவில்லை. குளிர் மிகுந்த இரவு; முற்றத்தில் கரி நெருப்பு; நீயும் அவனோடிருந்தவன்தானே என்ற சாதாரண விசாரிப்பு. அவ்வளவே. உயிரையும் தருவேன் என்று அன்று மாலைதான் அவர் சூளுரைத்திருந்தார். பெரும் சோதனைக்கு நெஞ்சை நிமிர்த்தி ஆயத்தமாயிருப்பவனைச் சிறு சோதனை பக்கவாட்டில் வந்து வீழ்த்திவிடுகிறது.

கரி நெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. இரண்டும் அருளப்பர் நற்செய்தியில். ஒன்று மறுதலித்த முற்றம். மற்றது உயிர்த்த ஆண்டவர் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருந்த ஏரிக்கரை. அங்கே ஆண்டவர் நடந்ததைச் சொல்லிக் காட்டவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. என்மேல் அன்பு உண்டா என்று மும்முறை வினவினார். ஒவ்வொரு மறுமொழிக்கும் பின் தம் மந்தையை அவர் கையில் ஒப்படைத்தார். 'மன்னித்தேன்' என்ற சொல் அக்காட்சியில் ஓரிடத்திலும் இல்லை. ஒப்படைப்பே மன்னிப்பாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அன்பியத்தில் நேர்ந்த ஒரு காரியத்திற்குப் பிறகுதான் இப்பகுதி எனக்கு விளங்கத் தொடங்கிற்று. திருவிழாச் செலவுக்கெனக் குடும்பந்தோறும் மாதச் சந்தா திரட்டி வந்தோம். கணக்கை வைத்திருந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி. நேர்மைக்குப் பெயர் பெற்றவர். மூன்று மாதம் அவருக்கு வேலையில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் நெருங்கியது. பெட்டியில் 18,000 ரூபாய் இருந்தது. அடுத்த மாதமே வைத்துவிடலாம் என்று எடுத்தார். அடுத்த மாதம் வந்தது, பணம் வரவில்லை.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரே பாவசங்கீர்த்தனம் செய்து, பின்பு எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். அவருடைய மனைவி தலை நிமிரவேயில்லை. சிலர் சினந்தனர், பலர் மௌனமாயினர். திருப்பிச் செலுத்தத் தவணை கொடுத்தோம். 14 மாதங்களில் கடைசி ரூபாய் வரை அடைத்தார்.

சிக்கல் அதன்பின்தான் எழுந்தது. கணக்கை மீண்டும் அவரிடம் தரலாமா? 'மன்னிப்பு வேறு, சாவி வேறு' என்றார் பெரியவர் ஒருவர். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அது பலருடைய உழைப்பின் பணம். அப்போது வயது முதிர்ந்த ஓர் அம்மையார், "தம்பி, கடனை அடைத்த பிறகும் அவனை வாசலிலேயே நிறுத்திவைத்தால், நாம் மன்னித்தது அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இந்தூர் மறைமாவட்டத்தில் ஏழைகளுக்காக உழைத்த அருட்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று குத்திக் கொல்லப்பட்டதை நம் வாசகர்கள் அறிவார்கள். 2017இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். அவருடைய தங்கையான அருட்சகோதரி செல்மி பவுல், 2002இல் சிறைக்கே சென்று கொலைசெய்தவருடைய கையில் ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். விடுதலையான பின் கேரளத்திலுள்ள அக்குடும்பத்தின் வீட்டிற்குள் அம்மனிதர் அழைக்கப்பட்டார். பெற்ற தாய் அவரை வரவேற்றார். அவ்வளவு பெரிய இழப்பின் முன் எங்கள் 18,000 ரூபாய் என்ன? ஆனால் நம் வீடுகளில் நாம் கேட்கும் மன்னிப்பு எது? கணவன் குடித்தழித்த சம்பளத்தை ஒவ்வொரு சண்டையிலும் மீண்டும் எண்ணுகிறோம். சொல்லளவில் அது என்றோ மன்னிக்கப்பட்டதுதான்!

குடியை இன்னும் விடாதவன் கையில் சம்பளத்தைக் கொடுப்பது மன்னிப்பாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிபட்டு வாழும் பெண்ணிடம் பொறுத்துப் போ என்று உபதேசிப்பது எளிது. அது அவளுக்கு இழைக்கும் இரண்டாம் கொடுமை. ஆண்டவர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைக் கேட்டவுடனே, சோதனையிலிருந்து காக்கும்படி மன்றாடுகிறோம். மன்னிப்புப் பெற்றவனுக்கும் காவல் தேவை என்பதனால்தானே இவ்வரிசை?

கணக்கை அவரிடமே கொடுத்தோம். நிபந்தனையை நாங்கள் விதிக்கவில்லை, அவரே கேட்டார்: "என்னோடு இன்னொருவரும் உட்கார்ந்து எண்ணட்டும். தனியே மட்டும் விடாதீர்கள்." இப்போது ஞாயிறு திருப்பலிக்குப் பின் இருவர் அமர்ந்து எண்ணுகிறார்கள், இருவரும் கையெழுத்திடுகிறார்கள். அதே கணக்குப் புத்தகந்தான். பழைய பக்கங்களை யாரும் கிழிக்கவில்லை. 14 தவணைகளும் தேதியோடு அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன.